ஒரு வீடு, எட்டுப் பேர், ஒரே சிரங்கு: சிரியத்தில் ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

வயது மூன்றேகால், பெண் குழந்தை. எடை 11.8 கிலோ. இரண்டரை மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. இரவில் தூக்கமில்லாமல் அழுகை. கடைசிப் பத்து நாளாக மணிக்கட்டில் சீழ்ப்புண். ரங்கூனிலிருந்து பெகு ஆற்றைத் தாண்டினால் வரும் சிரியத்தில், அதாவது இப்போதைய தன்லியினில், நம் தமிழ்க் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் ஒரு பேட்டையிலிருந்து ஜூலை நடுவில், நல்ல மழைக்காலத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு அழைத்து வந்தார்கள். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

அபூர்வ நோய் ஒன்றுமில்லை. சொறிசிரங்குதான். ஆனால் இந்தக் குழந்தைக்கு அந்தப் பெயர் வருவதற்குள் வேறு இரண்டு பெயர்களும் மூன்று வைத்தியங்களும் வந்து போயின. ஒவ்வொரு வைத்தியமும் தன் பங்குக்கு நோயைக் கொஞ்சம் மறைத்தது. எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முன்கதை

மே மாதத் தொடக்கத்தில், பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, வயிற்றிலும் மணிக்கட்டிலும் சிவப்புச் சிவப்பாகச் சிறு மணிகள் தோன்றின. அப்பத்தா பார்த்தார், "வேர்க்குரு" என்றார். பர்மாவில் சந்தனம்போல் உரசிப் பூசும் தனக்கா மரக்கட்டையைக் கல்லில் உரசி, காலையும் மாலையும் உடம்பு முழுக்கப் பூசினார்கள். அந்த வெயிலில் யாராக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

மே கடைசியில் மழை பிடித்தது, சூடு தணிந்தது. வேர்க்குருவாக இருந்தால் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, கூடியது. இந்த இடத்தில் யாராவது ஒருவர் நின்று யோசித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் அடுத்த பெயர் தயாராக இருந்தது: கரப்பான். அதற்குப் பத்தியம் உண்டு. முட்டை, கருவாடு, இறால், ஙப்பி என்னும் மீன் விழுது, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியாயிற்று. ரசஞ்சோறும் பருப்பும்தான் சாப்பாடு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டினார்கள்.

ஜூன் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டியூப் களிம்பின் பெயரைச் சொன்னார். கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள், சீட்டு வேண்டாம். தாய் அதை வாங்கிப் பூசினார். முதல் மூன்று நான்கு நாள் குழந்தை தூங்கியது. தாய்க்கு நிம்மதி. பிறகு அரிப்பு திரும்ப வந்தது, புதிய இடங்களிலும் வந்தது. இன்னொரு டியூப் வாங்கினார்கள். இப்படியே ஐந்து வாரம்.

வீட்டில் மொத்தம் எட்டுப் பேர். அப்பத்தா, தாய் (ஐந்து மாதக் கர்ப்பம்), தகப்பனார், குழந்தை, எட்டு வயது அண்ணன், ஏழு மாதக் கைக்குழந்தையோடு அத்தை, திலாவா துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போகும் சித்தப்பா. தூங்க இரண்டு அறை. குழந்தைகளும் அப்பத்தாவும் ஒரே பாயில், ஒரே கொசுவலைக்குள்.

பரிசோதனை

குழந்தையின் முகம், கை, கால் எல்லாம் தனக்கா காய்ந்து வெளிறிய மஞ்சளாக இருந்தது. முதலில் கழுவச் சொன்னேன். தனக்காமேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, நானும் பூசி வளர்ந்தவள்தான். ஆனால் அது காய்ந்து படிந்திருக்கும்போது தோலில் எது மணி, எது கோடு என்று தெரியாது. குழந்தையின் தோலைப் பார்க்க வேண்டுமானால் பூச்சு எதுவும் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், ஜட்டியையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழுவிய பிறகு படம் மாறியது. விரல் இடுக்குகள், மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், தொப்புளைச் சுற்றி, பிட்டம், உள்ளங்கால் ஓரம் ஆகிய இடங்களில் சிறு மணிகள். பல இடங்களில் நகம் பட்ட கீறல். இரண்டு மணிக்கட்டிலும் தேன் உறைந்த மாதிரி மஞ்சள் பொருக்கு, அக்குளில் இரண்டு நெறி. காய்ச்சல் இல்லை. களிம்பு அதிகம் பட்ட தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பளபளவென்று, அடியில் நரம்பு தெரியும்படி இருந்தது.

வலது மோதிர விரலின் பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வளைந்த கோடு, நூல் துண்டு ஒட்டியது போல. அதன்மேல் பேனா மையை ஒரு சொட்டுத் தேய்த்து, சற்றுப் பொறுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். சுற்றியிருந்த மை போய்விட்டது, கோட்டுக்குள் புகுந்த மை மட்டும் நின்றது. தோலின் மேலடுக்குக்குள் பெண் சிரங்குப் பூச்சி குடைந்துகொண்டு போகும் வளை அது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, நாளைக்கு இரண்டு மூன்று முட்டையிட்டபடியே முன்னேறும். நுண்ணோக்கி இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. ஒரு பேனா போதும்.

பிறகு வீட்டாரைக் கேட்டேன். "வேற யாருக்கு அரிக்குது?"

"யாருக்கும் இல்லை சயாமா," என்றார் தாய். (சயாமா என்றால் இங்கே டாக்டரம்மா.) சொல்லும்போதே அப்பத்தா முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அப்பத்தா, கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எனக்குச் சக்கரை இருக்குல்ல சயாமா, அதுல அரிக்கிறது. ராத்திரி ஆனா ஜாஸ்தி."

அவருடைய விரல் இடுக்கிலும், லோஞ்சி என்னும் கைலியைச் செருகும் இடுப்பு வளையத்திலும் அதே மணிகள். அண்ணன்காரன் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினான்: விதைப்பையில் நான்கு சிவந்த முடிச்சுகள். மறுநாள் அத்தை கைக்குழந்தையைத் தூக்கி வந்தார். அதன் உள்ளங்காலில் சீழ்க்கொப்புளங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, கழுத்து எல்லாம் வரும், பெரியவர்களுக்கு வருவதிலிருந்து இது வேறு. அதனால்தான் அதைப் பலர் வேறு நோய் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சொறிசிரங்குக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வரையறைப்படி பூச்சியையோ முட்டையையோ நுண்ணோக்கி போன்ற கருவியில் கண்டால் உறுதி. வளையைக் கண்டாலோ, ஆண்குறிப் பகுதியில் அதற்கே உரிய முடிச்சுகளைக் கண்டாலோ, அது மருத்துவரீதியான சொறிசிரங்கு. இந்த வீட்டில் இரண்டும் இருந்தன.

ஏன் வேர்க்குரு இல்லை, ஏன் கரப்பான் இல்லை

வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைத்து வருவது. கழுத்து, முதுகு, நெற்றி, துணி இறுகும் இடங்கள் அதன் வீடு. உள்ளங்காலிலும் விரல் இடுக்கிலும் அது வராது. காற்றும் குளிர்ந்த தண்ணீரும் பட்டால் இரண்டு மூன்று நாளில் ஒடுங்கும். கரப்பான் என்று நாம் சொல்லும் அடோபிக் எக்ஸிமாவில் தோல் முதலில் வறளும். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் தொடங்கும், வளர்ந்த குழந்தைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் வரும். வீட்டில் யாருக்காவது இழுப்போ மூக்கொழுகலோ இருக்கும். அரிப்பு குழந்தையோடு நிற்கும், அப்பத்தாவுக்கு ஒட்டாது. படர்தாமரைக்கு விளிம்பு தூக்கிய வட்டம் உண்டு, நடு தெளிந்திருக்கும். கொசுக்கடி மூடாத இடத்தில்தான்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் ஒருவருக்கு மேல், விரல் இடுக்கு: இந்த மூன்றும் சேர்ந்தால் சிரங்கை முதலில் நினைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதுப் பெண் குழந்தையின் சராசரி எடை 14 கிலோவை ஒட்டி இருக்கும். இவள் 11.8. முட்டையும் மீனும் நிறுத்திய ஒன்றரை மாதத்தில் எடை ஏறவே இல்லை. முட்டைக்கும் சிரங்குப் பூச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உண்மையான எக்ஸிமாவிலும், சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ வரும் குழந்தைகளைத் தவிர, கண்மூடித்தனமாகச் சாப்பாட்டை வெட்டுவது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். அன்றைக்கே முட்டை கொடுக்கச் சொன்னேன். அப்பத்தாவுக்கு அதில்தான் கோபம்.

அந்த டியூப்

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று மருந்துகள்: குளோபெட்டசால், ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆண்டிபயாட்டிக். குளோபெட்டசால் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலிமையான வரிசையைச் சேர்ந்தது. 12 வயதுக்குக் கீழ் பரிந்துரைக்கப்படுவதில்லை. குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் மருந்து உள்ளே போகும் அளவும் அதிகம். ஜட்டி மூடிய தொடை இடுக்கில் இன்னும் அதிகம். தோல் மெலியும், கோடு விழும், நீண்ட நாள் பூசினால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டே குறைந்துபோகும்.

சிரங்கில் அது செய்யும் வேலை இன்னும் மோசம். அரிப்பும் சிவப்பும் பூச்சிக்கு எதிராக உடம்பு காட்டும் கோபம். ஸ்டீராய்டு அந்தக் கோபத்தை அடக்கும், பூச்சியை ஒன்றும் செய்யாது. சாதாரணமாக ஒரு ஆள் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். எதிர்ப்பு குறைந்தால் எண்ணிக்கை ஏறும், நோயின் உருவமும் கலைந்துபோகும். பிறகு வைத்தியருக்கே அடையாளம் தெரியாது. முதல் நான்கு நாள் குழந்தை தூங்கியதற்கும், அப்புறம் புதிய இடங்களில் வந்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

தாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாலு நாள் தூக்கம் கொடுத்த மருந்தை எந்தத் தாய் விடுவாள்? கேட்டவருக்கெல்லாம் அதை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்தான் என் கோபத்துக்கு உரியவர்.

வைத்தியம்

முதல் வேலை சீழ்ப்புண். ஏழு நாள் செஃபாலெக்ஸின் என்ற ஆண்டிபயாட்டிக் சிரப், எடைக் கணக்கில். பொருக்கை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக எடுக்கச் சொன்னேன். இந்தப் புண்ணை அற்பமாக நினைக்கக் கூடாது. அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தால் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கலாம். முகம் ஊதும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், ரத்த அழுத்தம் ஏறும். அன்று சிறுநீரில் புரதமோ ரத்தமோ இல்லை. நான்காவது வாரத்தில் மறுபடி பார்த்தோம், அப்போதும் இல்லை.

பூச்சிக்கு 5% பெர்மெத்ரின் க்ரீம். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுப்பவருக்கும் கொடுக்கலாம். ஆனால் எட்டுப் பேருக்கும், அதுவும் இரண்டு முறைக்கு, வாங்கினால் அந்த வீட்டின் மாதச் செலவில் பெரிய ஓட்டை. அதனால் பிரித்தோம். மூன்று குழந்தைகள், தாய், அத்தை ஆகியோருக்குப் பெர்மெத்ரின். அப்பத்தா, தகப்பனார், சித்தப்பா மூவருக்கும் விலை குறைந்த 25% பென்சைல் பென்சோயேட். அது எரியும். மறுநாள் அப்பத்தா, "மொளகாயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு" என்று ஆள் அனுப்பினார். ஐவர்மெக்டின் மாத்திரை நல்ல மருந்துதான், ஆனால் 15 கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது. இந்த வீட்டில் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கெல்லாம் அது பொருந்தவில்லை.

பூசும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். க்ரீமை மணி இருக்கும் இடத்தில் மட்டும் வைப்பதில் பயனில்லை. உடம்பு முழுக்கப் பூச வேண்டும்: விரல் இடுக்கு, நகத்துக்கு அடி, தொப்புள், பிட்டப் பிளவு, உள்ளங்கால் எல்லாம். சிறு குழந்தைகளுக்குத் தலை, காதுக்குப் பின்புறம், நெற்றியும் உண்டு. கண்ணும் வாயும் மட்டும் விலக்கு. சூடாகக் குளித்த உடனே பூசக் கூடாது, தோல் ஆறிக் காய்ந்திருக்க வேண்டும். இரவில் பூசி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். கட்டைவிரல் சூப்பும் இந்தக் குழந்தைக்குக் கையில் காலுறை மாட்டினோம். அத்தை ஒவ்வொரு முறையும் மார்பைக் கழுவிவிட்டுத்தான் பால் கொடுத்தார். ஏழு நாள் கழித்து எல்லோரும் மறுபடி, ஏனென்றால் முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

எல்லோரும் ஒரே இரவில். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதன்முறை தொற்றுபவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களில் அவர் உடம்பில் பூச்சி இருக்கும், பிறருக்கும் ஒட்டும், அவருக்கு மட்டும் தெரியாது. 2015-இல் வெளியான ஃபிஜித் தீவு ஆய்வு இதை ஊரளவில் காட்டியது. அரிப்பைப் பார்க்காமல் ஊரார் அனைவருக்கும் ஐவர்மெக்டின் (அது ஆகாதவர்களுக்குப் பெர்மெத்ரின்) கொடுத்த இடத்தில் சிரங்கு ஒரே வருடத்தில் நூற்றுக்கு 32.1 பேரிலிருந்து 1.9 பேராக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் சொறிசிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. ஏழைகளின் அரிப்பு என்று அதுவரை ஒதுங்கிக் கிடந்தது.

துணி பெரிய தலைவலி. புத்தகத்தில் 60 பாகைச் சூட்டில் துவைத்து வெயிலில் காயப்போடு என்று இருக்கும். ஜூலையில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? மனித உடம்பை விட்டுவிட்டால் பூச்சி சாதாரணமாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால் போர்வை, தலையணை உறை, முந்தைய நாள் லோஞ்சி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் அரிசிப் பைகளில் திணித்து, வாயைக் கட்டி, நான்கு நாள் மூலையில் வைக்கச் சொன்னேன். பாயைத் துடைத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார்கள். வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டியதில்லை.

வேப்பிலை மஞ்சள் பற்றி அப்பத்தா கேட்டார். வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. 1992-இல் இந்தியாவிலிருந்து வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் 814 பேருக்கு வேப்பிலை மஞ்சள் அரைப்புப் பூசி, 97 சதவீதம் பேர் 3 முதல் 15 நாளில் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் முன்னோட்ட ஆய்வை வைத்துக்கொண்டு, சீழ் வைத்த குழந்தைக்கு நல்ல மருந்து கையில் இருக்கும்போது அதைத் தள்ளிப்போட முடியாது. தவிர, அப்பத்தா பூசியது குழந்தைக்கு மட்டும். தனக்கும் பேரனுக்கும் பூசவே இல்லை.

பிறகு நடந்தது

குளோபெட்டசாலை நிறுத்தினோம். பெர்மெத்ரினுக்குப் பிறகு வீக்கம் மிஞ்சிய இடங்களுக்கு ஐந்து நாள் மட்டும் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீராய்டு, மற்றபடி வாசலின். சோர்வோ வாந்தியோ இருந்தால் உடனே தூக்கி வரச் சொல்லியிருந்தேன், ஒன்றும் வரவில்லை.

பத்தாம் நாள் தாய் கலங்கிப்போய் வந்தார். "மருந்து கேக்கலை சயாமா, இன்னும் சொறியிறா." புதிய மணி இல்லை, வளை இல்லை, சீழ் காய்ந்திருந்தது. செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள் இருக்கும்வரை, இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு மிஞ்சும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் வீட்டில் க்ரீமைத் தினமும் பூசத் தொடங்கிவிடுவார்கள், அல்லது பழைய டியூப் பெட்டியிலிருந்து வெளியே வரும். சொல்லியிருந்தும் தாய் டியூபைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காவது வாரம் குழந்தைக்கு நல்ல தூக்கம். ஆறாவது வாரம் அண்ணனுக்கு விரல் இடுக்கில் புதிதாக நான்கைந்து மணிகள், ஒரு வளை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஒன்றிரண்டு நாளிலேயே அரிக்கும், எனவே தொற்று மிக அண்மையில்தான். யாரிடமிருந்து? சித்தப்பா. மருந்து பூசிய இரண்டு இரவும் அவருக்கு வேலை. புட்டியைக் கையோடு கொண்டுபோய் துறைமுகத்தில் பூசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து அத்தை எடுத்து வந்த புட்டியில் மூடி முத்திரைகூட உடையவில்லை. "எனக்குத்தான் அரிக்கலையே" என்றார் மனிதர். அவர் மணிக்கட்டைப் பார்த்தேன், இருந்தது. பகலில் வந்து தூங்குபவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனோடு ஒரே போர்வை.

மறுபடி எட்டுப் பேர். இந்த முறை பெர்மெத்ரின் கடையில் தீர்ந்திருந்தது. வாசலினில் 6% கந்தகம் கலந்த களிம்பைத் தொடர்ந்து மூன்று இரவு பூசினார்கள். நாற்றம் அடிக்கும், துணியில் கறை படும், ஆனால் மலிவு. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். சித்தப்பாவின் விடுமுறை நாளாகப் பார்த்துத் தொடங்கினோம். அப்பத்தா முன்னால் உட்கார்ந்து பூச வைத்தாராம்.

பன்னிரண்டாவது வாரம், அக்டோபரில், குழந்தையின் எடை 12.9 கிலோ. முட்டை, மீன் இரண்டும் சாப்பிடுகிறாள். தொடை இடுக்கில் பளபளப்பு குறைந்திருக்கிறது, மெலிவு முழுதாகச் சரியாகவில்லை. மணிக்கட்டில் சீழ் இருந்த இடம் வெளுத்த தழும்பாக நிற்கிறது, நிறம் மெதுவாகத் திரும்பும். தனக்கா பூசலாமா என்று கேட்டார்கள். புண்ணோ கீறலோ இல்லாத தோலில் தாராளமாக. கல்லைக் கழுவி, சுத்தமான தண்ணீரில் உரசிப் பூசி, இரவு படுக்கும் முன் கழுவிவிட வேண்டும். எட்டு மாதமாகிவிட்ட தாய்க்குப் புதிய மணி எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை பிறந்த குழந்தையின் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அண்ணனுக்கு இரண்டு முடிச்சுகள் மட்டும் மிச்சம். பூச்சி செத்த பிறகும் இவை சில மாதம் இருக்கும், அரிப்பும் இல்லை, அதனால் மருந்து எதுவும் கொடுக்கவில்லை.